வீனஸ் முனை: அந்த ஆறு மணி நேரத்துக்கு மட்டும்தானா பெயர்?

கடல்காற்று

டஹிட்டித் தீவின் வடகரையில், பாப்பீட்டே நகரிலிருந்து கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் போனால் மஹினா என்ற ஊர் வரும். அங்கே மட்டவாய் விரிகுடாவின் ஓரத்தில், கடலுக்குள் நீண்டு கிடக்கிற தாழ்வான நிலம்தான் வீனஸ் முனை. எரிமலைப் பாறை பொடிந்த கருமணல். கரையெல்லாம் சவுக்கும் தென்னையும். 1867-ல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் உள்ளூர்க் குடும்பங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து மர நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள்.

கப்பல் வேலையில் இருப்பதால் அங்கே போகும் வாய்ப்பு கிடைத்தது. அதன்பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எல்லாரும் ஒரே கதையைத்தான் எழுதுகிறார்கள். 1769 ஜூன் 3, ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக், தொலைநோக்கி, வீனஸ் எனும் வெள்ளிக் கோள் சூரியனுக்கு முன்னால் கடந்து போனது. அத்தோடு சரி.

குக் அங்கே வந்தது ஏப்ரல் 13. கிளம்பியது ஜூலை 13. மூன்று மாதம். வெள்ளி சூரியனைக் கடந்ததோ ஆறு மணி நேரம். மீதி நாட்களில் அந்த முனையில் நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உள்ளூர்க்காரர்கள் கைகொடுக்காவிட்டால் அந்த ஆறு மணி நேர வேலையே நடந்திருக்காது.

ஒரு சம்பவம் போதும். குக்கின் ஆட்கள் முனையில் மண்சுவரும் மரவேலியும் வைத்து ஒரு கோட்டை கட்டினார்கள். பீரங்கி ஏற்றினார்கள், இரவும் பகலும் காவல் போட்டார்கள். இவ்வளவுக்கும் நடுவில், மே 2-ஆம் தேதி காலை பார்த்தால் குவாட்ரன்ட் என்ற கோணமானியைக் காணவில்லை! பெட்டியைத் திறக்கக்கூட இல்லை, அதற்குள் யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். அது இல்லாவிட்டால் சூரியன், விண்மீன்களின் உயரத்தை அளக்க முடியாது. நேரம் சரிபார்க்க முடியாது. இங்கிலாந்திலிருந்து எட்டு மாதம் கடலில் வந்ததெல்லாம் வீண். குக்கோடு வந்த இயற்கையியலாளர் ஜோசப் பாங்க்ஸும் வானியலாளர் சார்லஸ் கிரீனும் வெயிலில் பல மைல் உள்ளே ஓடினார்கள். அவர்களுக்கு வழிகாட்டி, யார் யாரிடம் பேச வேண்டுமோ பேசி, பாகம் பாகமாகக் கருவியை மீட்டுக் கொடுத்தவர் துபுராய் தமாய்தே என்ற உள்ளூர்த் தலைவர். அதே நேரத்தில் இங்கே கோட்டையில் என்ன நடந்தது தெரியுமா? டுட்டாஹா என்ற பெரிய தலைவரைக் குக்கின் ஆட்கள் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. பிறகு கோடாரியும் சட்டையும் கொடுத்துச் சமாதானம் பேச வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு "அறிவியல் வரலாற்றின் புனித இடம்" என்று மட்டும் எழுதுவது சரியா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்

தம்பி, நல்ல இழை. உள்ளூர்க்காரர்களின் பங்கு பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆறு மணி நேரத்தைக் குறைத்துப் பேசினால் விடமாட்டேன்.

அது எதற்காக நடந்தது என்று பாருங்கள். கெப்ளர் விதிப்படி கோள்களின் தூரங்களுக்கு இடையில் உள்ள விகிதம் மட்டும்தான் அன்றைக்குத் தெரியும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் 1 என்றால் வெள்ளிக்கு 0.72. சரி, அந்த 1 எத்தனை மைல்? அது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஒரே ஒரு தூரம் நிஜமாகக் கிடைத்துவிட்டால் சூரியக் குடும்பம் முழுவதற்கும் அளவு கிடைத்துவிடும். 1716-லேயே வானியலாளர் எட்மண்ட் ஹாலி வழி சொல்லிவிட்டார். வெள்ளி சூரியத் தட்டைக் கடக்கும்போது பூமியின் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் அது சற்று வேறு வேறு கோட்டில் போவதாகத் தெரியும். ஒரு கோடு நீளம், ஒன்று குட்டை. கடக்க எடுக்கிற நேரமும் அதனால் மாறும். அந்த நேர வித்தியாசத்தில்தான் தூரம் ஒளிந்திருக்கிறது.

வடக்கே நார்வேயின் வார்டோவில் வானியலாளர் மாக்ஸிமிலியன் ஹெல். தெற்கே டஹிட்டியில் குக். இருவர் கணக்குக்கும் இடையில் சுமார் 23 நிமிட வித்தியாசம் வந்தது. இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைத்தது டஹிட்டி தென்கோளத்தில் சரியான இடத்தில் இருந்ததால்தான். அந்தத் தீவு ஐரோப்பியர்களுக்குத் தெரியவந்ததே 1767 ஜூனில், சாமுவேல் வாலிஸின் டால்பின் கப்பல் போனபோதுதான். வாலிஸ் 1768 மே மாதம் இங்கிலாந்து திரும்பிச் செய்தி சொல்கிறார். ஆகஸ்டில் குக் கிளம்பிவிட்டார்.

வேலை செய்த விதத்தையும் பாருங்கள். ஷெல்டன் செய்த ஊசல் கடிகாரத்தைக் கூடாரத்துக்குள், கதவு திறக்க இடம் விட்டு எவ்வளவு ஆழமாக முடியுமோ அவ்வளவு ஆழமாக மண்ணில் நட்டார்கள். குவாட்ரன்ட் நிற்க ஒரு பெரிய பீப்பாயைத் தரையில் புதைத்து, அதற்குள் ஈர மணலை அடைத்தார்கள். அலை அடிக்கிற கரையில், யாராவது நடந்தால்கூட அதிர்கிற தரையில், கருவி ஆடக் கூடாதல்லவா? திருட்டில் சேதமான குவாட்ரன்டைப் பழுது பார்த்தவர் ஸ்போரிங். பாங்க்ஸின் குழுவில் வந்தவர், கடிகார வேலை தெரிந்தவர்.

ஜூன் 3 அன்று மேகமே இல்லை. வெயிலில் வைத்த வெப்பமானி 119 ஃபாரன்ஹீட், அதாவது 48 செல்சியஸைத் தாண்டியது. காலை ஒன்பதரைக்குக் கொஞ்சம் முன் தொடங்கி மாலை மூன்றரைக்கு முடிந்தது. குக், கிரீன், பாங்க்ஸின் குழுவில் வந்த சோலாண்டர் மூவரும் முனையில். மோரேயா தீவுப் பக்கம் ஒரு குழு, கிழக்குக் கரைப் பக்கம் இன்னொன்று.

தூரதர்சி

வாத்தியார் ஐயா, அவ்வளவும் செய்தும் மூவருடைய நேரமும் ஒத்துப்போகவில்லையே! எதிர்பார்த்ததைவிட அதிகமாக வித்தியாசப்பட்டதாகக் குக்கே எழுதி வைத்திருக்கிறார். கோளைச் சுற்றி மங்கலான நிழல் மாதிரி ஒன்று தெரிந்ததால் எந்த நொடியில் தொட்டது என்றே சொல்ல முடியவில்லை. குக் திரும்பிப் போனபோது இந்தப் பயணத்தின் வானியல் பகுதி தோல்வி என்று பேசினவர்கள் உண்டு.

கணக்கு வாத்தியார்

அதைத் தோல்வி என்பதை நான் ஏற்க மாட்டேன். வெள்ளி சூரியனின் விளிம்பை விட்டு உள்ளே நழுவும்போது, ஒரு கருந்துளி விளிம்போடு ஒட்டி இழுபட்டுப் பிறகு அறுந்ததுபோல் தெரியும். கருந்துளி விளைவு என்பார்கள். வெள்ளியின் வளிமண்டலம்தான் காரணம் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 1999-ல் புதன் சூரியனைக் கடந்தபோது ட்ரேஸ் விண்கலத்தின் படங்களிலும் இதே கருந்துளி தெரிந்தது. புதனுக்குச் சொல்லத்தக்க வளிமண்டலம் கிடையாது, விண்கலம் இருந்ததோ பூமியின் காற்றுக்கு மேலே. ஆக, தொலைநோக்கியின் இயல்பான மங்கலும், சூரியன் விளிம்பை நோக்கி ஒளி குன்றுவதும் சேர்ந்து செய்கிற வேலை இது. குக்கும் கிரீனும் கண்ணில் பட்டதை உள்ளபடியே எழுதினார்கள். ஒருவர் கணக்கைப் பார்த்து மற்றவர் திருத்தவில்லை. அந்த நேர்மைக்கே நான் தலைவணங்குகிறேன்.

விடை எங்கே வந்து நின்றது என்றும் சொல்லிவிடுகிறேன். 1771-ல் ஆக்ஸ்போர்டின் தாமஸ் ஹார்ன்ஸ்பி, பல இடங்களின் கணக்கையும் சேர்த்து சூரியன் 9,37,26,900 மைல் தூரத்தில் இருப்பதாகச் சொன்னார். இன்றைய அளவு சுமார் 9,29,56,000 மைல். நூற்றுக்கு ஒரு பங்குகூடப் பிழை இல்லை. பீப்பாயில் ஈர மணல் அடைத்தவர்கள் கொடுத்த விடை இது.

புதுவையான்

எல்லாரும் டஹிட்டியிலேயே நிற்கிறீர்கள். அதே வெள்ளிக் கடப்புக்காக எங்கள் ஊரில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். லெ ஜாந்தி. பிரெஞ்சு வானியலாளர்.

1761-ல் நடந்த கடப்பைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வர 1760-லேயே பிரான்சிலிருந்து கிளம்பினார். வரும் வழியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பிவிட்டது. அந்த ஜூன் 6 அன்று நடுக்கடலில் இருந்தார். ஆடுகிற கப்பலில் இருந்து பார்த்தாரே தவிர, கணக்குக்கு உதவவில்லை. அடுத்தது எட்டு வருடம் கழித்து என்பதால் ஊருக்குத் திரும்பாமல் இந்தியப் பெருங்கடலிலேயே தங்கினார். மணிலா வரை போனார். 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்து சேர்ந்தார், ஊர் அதற்குள் மறுபடி பிரெஞ்சுக்காரர்களிடம் வந்திருந்தது. இடிந்த கோட்டையின் மேல் ஒரு வானாய்வுக் கூடம் கட்டிக்கொண்டார். கீழே வெடிமருந்துக் கிடங்கு! சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள் அவருக்குத் தொலைநோக்கி அனுப்பி உதவினார்கள்.

டஹிட்டியில் ஜூன் 3 மதியம் என்றால் புதுச்சேரியில் ஜூன் 4 விடியற்காலை. குக் முனையில் கடப்பின் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நிமிடங்களில் இங்கே சூரியன் எழுந்து வருகிறது. அதற்கு முந்தைய பல நாள் காலையும் வானம் தெளிவு. அன்றைக்கு மட்டும் மேகம். கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. அவர் விட்டு வந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்ததாம். 1771-ல் ஊர் திரும்பினால், செத்துவிட்டார் என்று முடிவுகட்டிச் சொத்தைப் பிரிக்க உறவினர்கள் தயாராக இருந்தார்கள்.

இந்த மனிதர் புதுச்சேரியில் இருந்த காலத்தில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்கள் கிரகணம் கணிக்கிற முறையைக் கேட்டுக் கற்று பிரெஞ்சில் எழுதி வைத்தார். சோழிகளை நகர்த்தி நகர்த்தி, மனப்பாடமான வாக்கியங்களை வைத்து, காகிதம் இல்லாமல் அவர்கள் கணக்குப் போட்ட வேகம் அவரை அசத்தியிருக்கிறது. கடல்காற்று சொன்னதற்கு இதுவும் ஒத்துவருகிறது. வானத்தைப் பார்க்க வந்தவர் அந்த ஊர்க்காரரிடம் கற்றுக்கொண்டதுதான் கடைசியில் மிஞ்சியது.

ஈழத்துப்பனை

கடல்காற்று அண்ணா, ரத்தக்கறையையும் சேர்த்து எழுத வேண்டும். 1767-ல் வாலிஸ் இதே மட்டவாயில் நின்றபோது, சூழ்ந்து வந்த படகுகள் மீது பீரங்கியால் சுட்டார்கள். எத்தனையோ பேர் செத்தார்கள். குக் வந்து இறங்கிய சில நாளிலேயே காவலாளி ஒருவரின் துப்பாக்கியைப் பறித்த மனிதரைச் சுட்டுக் கொன்றார்கள். கப்பலில் இருந்த ஓவியர் சிட்னி பார்க்கின்சனே அதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். கப்பல்களோடு வந்த நோய்கள் அதன்பின் பல பத்தாண்டுகள் அந்தத் தீவின் சனத்தைக் கரைத்தன.

ஈரப்பலாவையும் மறக்கக் கூடாது. 1788 அக்டோபரில் பௌண்டி கப்பலோடு வந்த வில்லியம் பிளை இந்த முனையில்தான் நாற்றுக் கூடாரம் போட்டார். டஹிட்டியின் ஈரப்பலாவுக்கு விதை கிடையாது. வேரில் வெடிக்கிற கன்றைப் பிரித்துத்தான் வளர்க்க வேண்டும். அந்தக் கன்று சட்டியில் வேர் பிடித்துத் தாங்குகிற வரை காத்திருக்க வேண்டும். அதனால் ஐந்து மாதம் டஹிட்டியிலேயே கிடந்தார்கள். 1789 ஏப்ரல் 4 அன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகளோடு புறப்பட்டார்கள். 28-ஆம் தேதி கப்பலாட்களே பிளைக்கு எதிராகக் கலகம் செய்தார்கள், கன்றெல்லாம் கடலுக்குப் போனது. பிளை விடவில்லை. 1792-ல் மறுபடி இதே விரிகுடாவுக்கு வந்து, கன்று எடுத்து, 1793-ல் செயின்ட் வின்சென்ட், ஜமைக்கா வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.

எதற்காக? அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வேலை செய்த ஆப்பிரிக்கர்களுக்கு மலிவான சாப்பாடு போட. தோட்ட முதலாளிகள் கேட்டார்கள், பாங்க்ஸ் ஏற்பாடு செய்தார். வெள்ளிக் கடப்புக்கு வந்த அதே பாங்க்ஸ். டஹிட்டிச் சனங்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த மரம் அடிமை முறைக்குத் தீனியாகப் போனது. அந்த அறிவியலின் கணக்கில் இதுவும் வர வேண்டும்.

பவளத்திட்டு

டார்வினை யாருமே இன்னும் தொடவில்லையே! 1835 நவம்பர் 15 அன்று பீகிள் கப்பல் மட்டவாயில் நங்கூரமிட்டது. கேப்டன் ஃபிட்ஸ்ராய்க்கு வீனஸ் முனை தேவைப்பட்டது. குக் காலத்திலிருந்து பலர் அளந்து அளந்து, அந்த முனையின் தீர்க்கரேகை பசிபிக்கிலேயே நம்பகமான ஒன்றாகியிருந்தது. குக்கின் இரண்டாம் பயணத்தில் வானியலாளர் வில்லியம் வேல்ஸ் கெண்டால் செய்த கடற்பயணக் கடிகாரத்தை அங்கேதான் சரிபார்த்தார். ஃபிட்ஸ்ராயும் தன் கடிகாரங்களை அங்கே கொண்டுபோய் ஒத்துப் பார்த்தார்.

டார்வின் மலைச்சரிவில் ஏறினார். எதிரே மோரேயா. நடுவில் மலை, சுற்றிலும் அமைதியான நீர், அதற்கு வெளியே வெள்ளை நுரையாகப் பவளப்பாறை வளையம். அந்த மலை மட்டும் மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்ந்தால்? பவளம் மேலே மேலே வளர்ந்துகொண்டே போகும். கடைசியில் மலை மறைந்து வளையம் மட்டும் மிஞ்சும். வளையத் தீவுகள் இப்படித்தான் உண்டாகின்றன என்பது அவர் கருத்து. தென்னமெரிக்கக் கரையில் இருந்தபோதே மனதில் விழுந்த யோசனைதான், ஆனால் அது கண்ணெதிரே நின்றது இங்கே. 1842-ல் நூலாக வெளியிட்டார். 1952-ல் எனிவெடாக் வளையத் தீவில் துளை போட்டபோது, ஏறத்தாழ 1,400 மீட்டர் பவளச் சுண்ணாம்புக்குக் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. அமிழ்ந்த மலை அங்கே இருந்தது!

தூரதர்சி

கடல்காற்று, தலைப்பிலேயே கேள்வி கேட்டீர்கள். உள்ளூர்க்காரர்கள் கருவியை மீட்டார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், சரி. அதை "அறிவு வேலை" என்று எப்படிச் சொல்வது? உதவி வேறு, அறிவு வேறு.

கடல்காற்று

இதற்குத்தான் காத்திருந்தேன். துப்பாயாவைப் பற்றிச் சொல்கிறேன்.

துப்பாயா ரையாத்தேயா தீவைச் சேர்ந்தவர். பூசாரி, கடலோடி. போரால் ஊரை இழந்து டஹிட்டிக்கு வந்தவர். வாலிஸ் வந்தபோதே அவர் மட்டவாயில் இருந்தார். 1769 ஜூலையில் குக்கின் கப்பல் எண்டெவர் கிளம்பும்போது தன் உதவியாளச் சிறுவன் தையாட்டாவோடு கப்பலில் ஏறிக்கொண்டார். குக் முதலில் தயங்கினார். பாங்க்ஸ் செலவை ஏற்றார். அதற்கு அவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிற காரணங்களில் ஒன்று, அண்டை வீட்டுக்காரர்கள் சிங்கமும் புலியும் வைத்திருப்பதுபோல் தானும் இவரை வைத்துக்கொள்ளலாமே என்பது. படிக்கும்போது நெஞ்சு எரிந்தது.

அந்த மனிதர் செய்ததைப் பாருங்கள். எழுத்து கிடையாது, திசைகாட்டி கிடையாது. விண்மீன் எழுகிற இடம், அலை வருகிற திசை, காற்று, பறவை இவற்றை வைத்துத் தலைமுறைகள் சேர்த்த கடலறிவு முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. கப்பல் எத்தனை திருப்பம் திரும்பினாலும் டஹிட்டி எந்தப் பக்கம் என்று கேட்டால் கைநீட்டிக் காட்டுவாராம். குக்கோடு உட்கார்ந்து 74 தீவுகள் கொண்ட ஒரு வரைபடம் உருவாக்கினார். மார்க்கேசஸ் தீவுகளிலிருந்து மேற்கே ரோட்டுமா வரை. அந்தப் பரப்பில் பெரும்பகுதியை அதுவரை எந்த ஐரோப்பியரும் பார்த்ததில்லை. நியூசிலாந்தில் இறங்கியதும் மாவோரி மக்கள் அவர் பேச்சைப் புரிந்துகொண்டார்கள். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வாழ்கிறவர்கள் ஒரே மக்களின் கிளைகள் என்று குக்குக்கும் பாங்க்ஸுக்கும் உறைத்தது அப்போதுதான்.

வரைபடத்தின் மூலம் இன்று இல்லை, பிரதிகள்தான் மிஞ்சியிருக்கின்றன. நெடுங்காலம் அதைப் பிழையான படம் என்றுதான் ஒதுக்கினார்கள். தீவுகள் இடம் மாறிக் கிடக்கின்றன, வடக்கு தெற்கு குழம்பியிருக்கிறது என்றார்கள். நம் காலத்தில் ஜெர்மனியின் பொட்ஸ்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லார்ஸ் எக்ஸ்டைனும் அன்யா ஷ்வார்ட்ஸும் வேறு விளக்கம் கொடுத்தார்கள். படத்தின் நடுவில் திசைக் கோடுகள் வெட்டுகிற இடத்தில் "அவாட்டேயா" என்று எழுதியிருக்கிறது. நடுப்பகல் சூரியனைக் குறிக்கிற சொல். அந்தக் கடலில் ஆண்டின் பெரும்பகுதி நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும். ஆக, துப்பாயா படத்துக்கென்று ஒரே ஒரு நிலையான வடக்கை வைக்கவில்லை. எந்தத் தீவிலிருந்து கிளம்புகிறோமோ அங்கே நம்மை நிறுத்தி, அங்கிருந்து அடுத்த தீவு எந்தத் திசையில் என்று காட்டினார். அப்படிப் படித்தால் பல தீவுகள் சரியான இடத்தில் வந்து உட்காருகின்றன என்பது அவர்கள் வாதம்.

தினமும் ஜிபிஎஸ் பார்த்துக் கப்பலில் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். படகில் இருக்கிறவனுக்கு முதலில் வேண்டியது இங்கிருந்து எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதுதான். துப்பாயா அதைத்தான் வரைந்தார், ஐரோப்பியர்களின் காகிதத்தில், அவர்களுக்குப் புரியும் என்று நம்பி. தூரதர்சி, இதை எப்படி வெறும் உதவி என்று சொல்ல முடியும்?

தூரதர்சி

அந்த வரைபடத்தை இதுவரை பிழை என்று சொன்ன கட்டுரைகளை மட்டும்தான் படித்திருக்கிறேன். இந்த விளக்கம் புதிது. பிரதியை எங்கே பார்க்கலாம்?

கடல்காற்று

லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் ஒன்று இருக்கிறது, குக் கையால் படியெடுத்தது என்கிறார்கள். துப்பாயா வரைந்த ஓவியங்களும் அங்கே உண்டு. அவற்றை வரைந்தது யார் என்று நெடுங்காலம் தெரியாமல் கிடந்தது. 1997-ல்தான் பாங்க்ஸ் எழுதிய ஒரு கடிதம் மூலம் அவர் கைவேலை என்று தெளிவாயிற்று. ஒரு மாவோரி மனிதர் கடல் இறாலைக் கொடுத்துத் துணி வாங்குகிற படம் ஒன்று, அதை முதலில் பாருங்கள்.

புதுவையான்

துப்பாயா கடைசியில் என்ன ஆனார்? ஊர் திரும்பினாரா?

கடல்காற்று

இல்லை. 1770 இறுதியில் பட்டாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், காய்ச்சலில் இறந்தார். தையாட்டா அவருக்கு முன்பே போய்விட்டான். வானியலாளர் கிரீனும் ஓவியர் பார்க்கின்சனும் அங்கிருந்து கிளம்பிய பிறகு 1771 ஜனவரியில் கப்பலிலேயே இறந்தார்கள்.